ஒரே வரியை நூறு தடவை தட்ட வேண்டாம்



நமது சங்க இதழில் வரி பற்றியும், எடை முத்திரை பற்றியும், உணவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் விவரம் அறிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நான் எழுதப் போவது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரே விலாசத்தையும், ஒரே ஜி.எஸ்.டி. எண்ணையும், ஒரே வங்கி விவரத்தையும் காலை முதல் இரவு வரை தட்டிக்கொண்டிருக்கிறோமே, அந்த வேலையை எப்படிக் குறைப்பது என்பது பற்றித்தான். குறைக்கப் போய் நான் மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலையும் சேர்த்தே எழுதுகிறேன். வசதியை மட்டும் சொல்லி சிக்கலை மறைத்தால் அது கட்டுரை ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு 1978-ல் கடைக்கு வந்தவன். விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி, சீரகம், பருப்பு வகைகள் மொத்த வியாபாரம். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆகவே இதில் எனக்கு விளங்கியது எல்லோருக்கும் விளங்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா காலத்து லெட்டர் பேடில், கடைப் பெயருக்குக் கீழே ‘தந்தி விலாசம்’ என்று போட்டு ஒரே ஒரு சொல் அச்சிட்டிருக்கும். மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். தந்திக்குச் சொல் கணக்கில் காசு. கடைப் பெயர், தெரு, கதவு எண் எல்லாவற்றுக்கும் வெளியூர்க்காரர் காசு கொடுக்க வேண்டாம் என்பதற்காக, தந்தி ஆபீசில் கட்டணம் கட்டி ஒரு சொல்லைப் பதிவு செய்து வைத்திருப்போம். அந்த ஒரு சொல்லும் ஊர்ப் பெயரும் இருந்தால் தந்தி கடைக்கு வந்துவிடும். கல்யாண வாழ்த்துத் தந்திக்கும் அப்படித்தான். வாசகங்களுக்கு எண் உண்டு. எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும், போய்ச் சேரும் இடத்தில் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. ஆனால் அந்த யுக்தி நிற்கவில்லை. சின்னதாக ஒன்றைத் தட்டினால் பெரிதாக ஒன்று வந்து நிற்க வேண்டும். இதைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் கீபோர்டு மேக்ரோ என்கிறார்கள்.

எங்கள் கடையில் நடக்கிற வேலையைச் சொன்னால் இதன் தேவை புரியும். பில் போடுவது ஒரு பழைய புரோகிராமில். ஆடிட்டர் ஆபீசுக்கு மாதா மாதம் அனுப்பும் விற்பனைப் பட்டியல் எக்செல்லில். லாரி செட்டுக்கும் தரகருக்கும் விவரம் அனுப்புவது வாட்ஸப்பில். பணம் அனுப்புவது வங்கியின் இணையதளத்தில். இந்த நான்கிலும் அதே பெயர்கள், அதே எண்கள். ஒரு நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து சிட்டைத் தாளில் கோடு போட்டு எண்ணினேன். எங்கள் கடை விலாசம் 19 தடவை, வங்கிக் கணக்கு விவரம் 14 தடவை, ஜி.எஸ்.டி. எண் 22 தடவை தட்டப்பட்டது. கணக்குப் பார்க்கும் பெண் பிள்ளை சிரித்தது. “அண்ணாச்சி, இன்னைக்கு கூட்டம் கம்மி” என்றது.

நேரம் போவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தவறு நேருவதுதான் பொறுக்க முடியாதது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு எழுத்து. வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. 11 எழுத்து, அதில் ஐந்தாவது எப்போதும் சைபர். அதை ‘ஓ’ என்று தட்டிவிட்டு, வங்கிக் கணினி ஏற்கவில்லை என்று திட்டுகிறவர்கள் நம்மில் பலர். ஒரு தடவை சரியாக எழுதி வைத்துவிட்டால் பிறகு ஒவ்வொரு தடவையும் சரியாகவே வரும் அல்லவா? அங்கேதான் எனக்கு ஆசை பிறந்தது.

இது புதிய சரக்கும் அல்ல. டாஸ் காலத்தில் லோட்டஸ் 1-2-3 வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அதில் விசைகளின் வரிசையை ஒரு கட்டத்தில் எழுதி வைத்து, ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தைத் தட்டினால் மொத்தமும் தானாக ஓடும். விண்டோஸ் 3.1 பதிப்பில் ரிக்கார்டர் என்று ஒரு சின்ன புரோகிராமே சேர்ந்து வந்தது. நாம் தட்டுவதைப் பதிவு செய்து திரும்பத் தட்டிக் காட்டும். விண்டோஸ் 95 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள்.

சில்லறைக் கடை நண்பர்கள் ‘நமக்கு இது எதற்கு’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் கல்லாவில் பார்கோடு படிக்கும் கருவி இருக்கிறதல்லவா? அது செய்வதும் இதே வேலைதான். பெரும்பாலான கருவிகள் கம்ப்யூட்டரிடம் தம்மை ஒரு கீபோர்டு என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. சோப்புக் கட்டியின் கோட்டைப் படித்து, 890 என்று தொடங்கும் 13 இலக்கங்களைத் தட்டி, கடைசியில் என்டரையும் தட்டிவிடுகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பொருளைக் காட்டிப் பாருங்கள். எண் வந்து விழும், அடுத்த வரிக்கும் போகும். அந்தக் கருவிக்கு எதிரே இருப்பது பில்லா, கடிதமா, வங்கிப் பக்கமா என்று தெரியாது. யாரோ தட்டுவது போல் தட்டும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நான் சொல்லப்போகும் வம்பு சுலபமாக விளங்கும்.

எப்படிச் செய்வது?

முதலில் ஒரு வார்த்தை. அந்தந்த புரோகிராமிலேயே வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். டாலியில் ஒரு தடவை பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்துவிட்டால் அடுத்தடுத்த பில்லில் தானே வரும். ஈ-வே பில் தளத்தில் வாடிக்கையாளர், சரக்கு, டிரான்ஸ்போர்ட் விவரங்களை முன்கூட்டியே சேமித்து வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். எக்செல்லில் இன்றைய தேதிக்கு கண்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் சேர்த்துத் தட்டினால் போதும். மேல் கட்டத்தில் உள்ளதை அப்படியே கீழே இறக்க கண்ட்ரோல் டி. எக்செல்லுக்குள்ளேயே மேக்ரோ பதியும் வசதியும் உண்டு. ஆனால் அது எக்செல்லை விட்டு வெளியே வராது. நமக்கு வேண்டியது பில் புரோகிராம், எக்செல், வாட்ஸப், வங்கித் தளம் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று.

இதற்கு எங்கள் கடையில் ஆட்டோஹாட்கீ என்ற புரோகிராமை வைத்திருக்கிறோம். 2003-ல் வெளிவந்தது. விண்டோஸில் மட்டும் ஓடும். காசு கிடையாது. அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டுமே இறக்க வேண்டும். தேடலில் முதலில் வருகிற ஏதோ ஒரு தளத்தில் இருந்து இறக்கக் கூடாது. நாம் தட்டும் விசைகளையெல்லாம் கவனித்துக்கொண்டு இருக்கிற புரோகிராம் இது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது விசாரிப்பது போல் இதையும் எங்கிருந்து வந்தது என்று பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

அது வேலை செய்யும் விதம் இது. நாம் நோட்பேடில் ஒரு பட்டியல் எழுதி, அதற்கென்று உள்ள பெயர் முடிவோடு சேமித்து, இரண்டு தடவை கிளிக் செய்தால், திரையின் கீழ் ஓரத்தில் பச்சைச் சதுரம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு நாம் எங்கே தட்டினாலும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டியலில் உள்ள சுருக்கத்தை நாம் தட்டியதும், தட்டிய மூன்று எழுத்தையும் தானே அழித்துவிட்டு முழு வரியைத் தட்டிவிடும். பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

:*:;11::மொத்த வியாபாரம், மெயின் பஜார், விருதுநகர்

முதலில் கோலன், நட்சத்திரம், கோலன். பிறகு நம் சுருக்கம், அதாவது அரைப்புள்ளியும் 11-ம். பிறகு இரண்டு கோலன். பிறகு வர வேண்டிய வரி. நட்சத்திரம் எதற்கென்றால், சுருக்கத்தைத் தட்டி முடித்த மாத்திரத்தில் வரி வந்துவிட வேண்டும் என்பதற்காக. நட்சத்திரம் போடாவிட்டால் ஸ்பேஸோ என்டரோ தட்டிய பிறகுதான் வரும்; அந்த ஸ்பேஸும் வரியின் வாலில் ஒட்டிக்கொள்ளும். பதினைந்து எழுத்துக்கு மேல் ஏற்காத கட்டத்தில் அந்த வால் தொந்தரவு.

சுருக்கத்துக்கு முன்னால் அரைப்புள்ளி ஏன் என்று கேட்கலாம். வெறும் 11 என்று வைத்தால், 11 மூட்டை என்று தட்டும்போதெல்லாம் கடை விலாசம் வந்து குதிக்கும். கணக்கு எழுதுகிறவர்கள் யாரும் அரைப்புள்ளியை ஒட்டி எண் தட்டுவதில்லை. எண்கள் எல்லாம் இரண்டு இலக்கமாகவே இருக்கட்டும். ஒன்று என்றும் பதினொன்று என்றும் கலந்து வைத்தால், 11 தட்டப் போகும்போது முதல் 1-லேயே அது பாய்ந்துவிடும்.

எஃப்8, எஃப்9 போன்ற ஒற்றை விசைகளுக்கும் வரிகளைக் கட்டி வைக்கலாம்; செய்ய வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். டாலியில் எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். அந்த விசையை இது பிடுங்கிக்கொண்டால், கொள்முதல் போடப் போகிற இடத்தில் கடை விலாசம் வந்து நிற்கும்.

வரி எழுதும்போது ஒரு சூட்சுமம் உண்டு. கூட்டல் குறி, ஆச்சரியக்குறி இவற்றை அந்தப் புரோகிராம் குறியாகப் பார்ப்பதில்லை. கூட்டல் என்றால் ஷிப்ட், ஆச்சரியக்குறி என்றால் ஆல்ட் என்று எடுத்துக்கொள்ளும். நான் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் +91 போட்டு வைத்தேன். வந்தது ஓர் அடைப்புக்குறியும் ஒரு 1-ம். ஷிப்டோடு 9 தட்டினால் அடைப்புக்குறிதானே! நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். கூட்டலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். தமிழில் வரி வைக்கிறவர்கள் நோட்பேடில் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களை இன்னும் வைத்திருக்கிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

பட்டியலைத் திருத்தினால், பச்சைச் சதுரத்தின் மேல் வலது கிளிக் செய்து ரீலோட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய வரியே வரும். ஏதாவது ஒரு புரோகிராமை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து வைத்திருந்தால் அதற்குள் இது தட்டாது; கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு இடைஞ்சல் எக்செல்லில் வரும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமாக இருந்தால், எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசி இலக்கத்தைச் சைபராக்கிவிடும்; அது 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட்டால் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஆகவே எங்கள் வங்கிக் கணக்கு எண்ணுக்கு இரண்டு சுருக்கம்: எக்செல்லுக்கு மேற்கோள் குறியோடு ஒன்று, மற்ற இடங்களுக்கு அது இல்லாமல் ஒன்று.

இதெல்லாம் அமைந்தபின் கடையில் ஒரு தெம்பு வந்தது உண்மை. கணக்குப் பிள்ளை முன்பு இரவு எட்டு மணிக்குப் பையைத் தூக்கும், ஆறரைக்கே கிளம்பியது. முதலில் பதினைந்து வரி இருந்த பட்டியல், வாடிக்கையாளர்கள் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் சேர்ந்து அறுபது வரி ஆனது. தெரிந்த கடைக்காரர்களிடம் எல்லாம் நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு நேர்ந்தது

தெற்கே ஓர் ஊரில் எங்களுக்கு இரண்டு வாடிக்கைக் கடைகள். அண்ணன் தம்பி. தகப்பனார் காலத்தில் ஒரே கடையாக இருந்தது. பிறகு பாகம் பிரிந்து, தம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் தனிக்கடை போட்டார். கடைப் பெயர் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பாகப் பிரிவினையில் மனத்தாங்கல். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்களிடம் இருவரும் சரக்கு எடுப்பார்கள். ஒருவர் வந்திருக்கும்போது மற்றவரைப் பற்றிப் பேச மாட்டோம்.

எங்கள் பட்டியலில் அண்ணன் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 23, தம்பி கடைக்கு 32. பெயர் வருகிற வரிசையில் எண் கொடுத்ததில் அப்படி அமைந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் தம்பிக்கு மூன்று பில். மிளகு, சீரகம், மல்லி எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய்; வரி 12,000. பில் சரியாகத்தான் போட்டிருந்தோம். ஆடிட்டருக்கு அனுப்பும் எக்செல் பட்டியலில்தான், 32 தட்ட வேண்டிய இடத்தில் 23 தட்டிவிட்டார்கள். மூன்று பில்லையும் ஒரே இருப்பில் ஏற்றியதால் மூன்றிலும் அதே தவறு.

கையால் தட்டியிருந்தால் இந்தத் தவறு இவ்வளவு தூரம் போயிருக்காது. பதினைந்து எழுத்தில் ஒன்றைப் பிசகித் தட்டினால், கடைசிச் சரிபார்ப்பு எழுத்து ஒத்துவராமல் ஜி.எஸ்.டி. தளமே ‘தவறான எண்’ என்று தள்ளிவிடும். இங்கே மேக்ரோ தட்டியது முழுக்க முழுக்கச் சரியான எண். ஆனால் வேறு ஒருவருடைய எண். தளம் எப்படித் தள்ளும்? மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டது.

மறு மாதம் பதினான்காம் தேதி வாக்கில் ஒவ்வொருவருக்கும் 2பி பட்டியல் வரும் அல்லவா? வந்தது. நான்கு நாள் கழித்துத் தம்பி போன் செய்தார்.

“அண்ணாச்சி, ஆகஸ்ட் மாச பில்லு மூணும் என் கணக்குல ஏறல. ஏறாம கிரெடிட் எடுக்கக் கூடாதுன்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு. பன்னெண்டாயிரத்தைக் கையில இருந்துல்ல கட்டுறேன். நீங்க வரியே கட்டலையா?”

முப்பது வருடத்துக்கு மேல் வியாபாரத் தொடர்பு உள்ள குடும்பம். ‘வரியைக் கட்டவில்லையா’ என்று கேட்டதும் எனக்கு உடம்பு கூசிவிட்டது. கட்டிய ரசீதைப் பார்க்கிறேன், கட்டியிருக்கிறோம். அப்படியானால் எங்கே போனது? தேடிக்கொண்டிருக்கும்போதே மத்தியானம் அண்ணன் கடையில் இருந்து போன்.

“நான் வாங்காத சரக்குக்கு என் பேர்ல எப்படி பில்லு ஏறுது? என் நம்பரைப் போடச் சொல்லி அவன் ஏதும் சொன்னானா?”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. 12,000 ரூபாய் விவகாரம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். ஆனால் ஏற்கெனவே பேச்சில்லாத அண்ணன் தம்பி நடுவில் ‘அவன் செய்த வேலை’ என்று ஒரு நினைப்பு விழுந்துவிட்டதே, அதை எந்த அறிக்கையில் திருத்துவது? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நானே போனேன். முதலில் அண்ணன் கடை. 23-ம் 32-ம் அச்சிட்ட எங்கள் பட்டியலைக் கையில் கொடுத்து, “இதுல உங்க தம்பி பேர்ல ஒரு தப்பும் இல்ல. எங்க கடைத் தப்பு. பட்டியல் போட்டது நான்” என்றேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காபி சொன்னார். நல்லவேளையாக அவருடைய ஆடிட்டர் அந்தத் தொகையை எடுக்கவில்லை. தம்பி கடையில் அந்த 12,000-த்தைக் கையோடு கொடுக்கப் போனேன். அடுத்த மாதம் வந்துவிடும் என்றால் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். செப்டம்பர் அறிக்கையில் மூன்று பில்லுக்கும் வாங்குபவர் எண்ணைத் திருத்தினோம். அதற்கடுத்த 2பி-யில் அவருக்கு ஏறியது.

இப்படித் திருத்த, அந்த நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு. ஆனால் வாங்கியவர் கவனித்துச் சொன்னால்தானே நமக்குத் தெரியும்! அந்த மூன்று பில்லும் கண்ணுக்குத் தப்பியிருந்தால், வருட முடிவில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

கடைக்கு வந்ததும் கணக்குப் பிள்ளை அழுதுகொண்டு நின்றது. அதைத் திட்டுவதில் நியாயம் இல்லை. இரண்டு கடைக்கும் திருப்பிப் போட்ட எண்ணைக் கொடுத்தது நான். பெயர் இல்லாமல் வெறும் ஜி.எஸ்.டி. எண் மட்டும் வரும்படி வைத்ததும் நான். பதினைந்து எழுத்தைப் பார்த்து இது யாருடையது என்று எந்த மனிதனுக்குத் தெரியும்?

அதன் பிறகு பட்டியலை அடியோடு மாற்றினோம். இப்போது எக்செல்லுக்கான ஒவ்வொரு வரியும் முதலில் கடைப் பெயரையும் தெருவையும் தட்டி, டேப் விசையால் அடுத்த கட்டத்துக்குப் போய், பிறகு ஜி.எஸ்.டி. எண்ணைத் தட்டும். நெளிவு அடைப்புக்குறிக்குள் டேப் என்று இங்கிலீஷில் எழுதினால் அது டேப் விசையைத் தட்டும். ‘பஸ் ஸ்டாண்டு’ என்று கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்போது மாறிவிட்டால் தெரிந்துவிடும். ஒரே பெயர் உள்ள கடைகளுக்குத் தூரத் தூர எண் கொடுத்தோம். புது வரி சேர்க்கும்போது ஒருவர் பதிவுச் சான்றிதழைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எங்கள் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு நானே வாசித்தேன். அதில் ஓர் இலக்கம் பிசகினால் வருகிற பணமெல்லாம் யார் கணக்குக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரக்கின் அளவு, விலை, தொகை இவற்றுக்கு மேக்ரோ கிடையாது. அவை அன்றன்று மாறுவன. கையால்தான் தட்ட வேண்டும். என்டர் விசையையும் எந்த வரியின் முடிவிலும் வைக்கவில்லை. வரி வந்தபின் பார்த்துவிட்டு மனிதன்தான் என்டர் தட்ட வேண்டும். ஆறு தடவை டேப், ஒரு என்டர் என்று ஒரு முழுப் பக்கத்தையும் நிரப்பும் மேக்ரோ ஒன்றை என் மருமகன் செய்து கொடுத்தார். பார்க்க வித்தை போலத்தான் இருந்தது. ஒரு நாள் இணையம் மெதுவாக இருந்து, பக்கம் திறப்பதற்குள் அது தட்டத் தொடங்கி, பின்கோடு போக வேண்டிய கட்டத்தில் போன் நம்பர் போய் விழுந்தது. அதற்குக் கை உண்டு, கண் கிடையாது. அன்றோடு அதை அழித்துவிட்டோம்.

பாஸ்வேர்டு, வங்கியின் ரகசிய எண் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் வைக்கவே கூடாது. அது வெறும் நோட்பேடு தாள். கடைக்கு வரும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பெண்டிரைவில் எடுத்துக்கொண்டும் போகலாம்.

கம்ப்யூட்டர் இல்லாமல் போனிலேயே எல்லாம் பார்க்கும் சில்லறைக் கடை நண்பர்களுக்கும் வழி உண்டு. வாட்ஸப் பிசினஸில் விரைவுப் பதில் என்று ஒரு வசதி இருக்கிறது. சாய்கோட்டைத் தட்டிச் சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் முழுச் செய்தியும் வரும். கடை நேரம், விலாசம், வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் விவரம் இவற்றை அதில் வைக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கீபோர்டு வைத்திருப்பவர்கள் அதன் அமைப்பில் சொந்த அகராதி என்ற இடத்தில் சுருக்கமும் முழு வரியும் எழுதி வைக்கலாம். அது தானாகப் பாயாது. மேலே காட்டும், விரலால் தொட்டால்தான் வரும். ஒரு வகையில் அதுதான் நமக்கு நல்லது. விண்டோஸில் எந்தப் புரோகிராமும் இறக்க விருப்பமில்லாதவர்கள் விண்டோஸ் விசையோடு வி தட்டிப் பாருங்கள். 2018 முதல் உள்ள வசதி. முதல் தடவை அனுமதி கேட்கும். கடைசியாகக் காப்பி செய்த 25 வரை வரிசையாகக் காட்டும். வேண்டியதைக் குத்தி வைத்துக்கொண்டால் கம்ப்யூட்டரை அணைத்தாலும் போகாது. நான்கைந்து வரிக்கு அதுவே தாராளம்.

தொடங்குகிறவர்கள் முதல் வாரம் சொந்தக் கடையின் விவரம் மட்டும் ஐந்து வரி வைத்துக்கொள்ளட்டும். வாடிக்கையாளர் எண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிட்டங்கி மாறினாலோ, போன் எண் மாறினாலோ அன்றைக்கே வரியைத் திருத்த வேண்டும். எங்கள் கிட்டங்கி மாறியபின் பழைய விலாசம் பட்டியலில் கிடந்ததால், ஒரு லாரி பழைய இடத்துக்குப் போய் அரை நாள் நின்றது. டிரைவருக்குச் சாப்பாட்டுக்கும் காத்திருப்புக்கும் நான்தான் கொடுத்தேன்.

பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். அண்ணன் கடை எண் இன்னும் 23-தான். தம்பி கடைக்கு 71. சென்ற மாதம் தம்பியே அந்தப் பட்டியல் எப்படி எழுதுவது என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். எங்கள் வாடிக்கையாளர்களின் எண்களையெல்லாம் நீக்கிவிட்டு, வெறும் கோலனும் நட்சத்திரமும் மட்டும் உள்ள தாளைக் கொடுத்து அனுப்பினோம்.